செக்ரோல் மென்பொருளுக்குள் லுவா 5.4: போட்டுப் பார்த்தவர்களின் மதிப்பீடு

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ போகும் வழியில் பத்துச் செம்பனைத் தோட்ட ஆபீஸ் ஏறி இறங்கினால் பத்து விதமான சம்பளக் கணக்கைப் பார்க்கலாம். ஓரிடத்தில் அறுப்புக்கூலி டன்னுக்கு, அடுத்த இடத்தில் குலைக்கு. உதிரிப்பழம் ஒரு தோட்டத்தில் மூட்டைக் கணக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் கிலோக் கணக்கு. காம்பை நீளமாக விட்டால் ஒருவர் காசு பிடிப்பார், இன்னொருவர் பார்த்தும் பாராமல் விட்டுவிடுவார். இத்தனையையும் சி++ நிரலுக்குள் ஆணியடித்து வைத்திருக்கும் செக்ரோல் (சம்பளப் பட்டியல்) மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு எக்ஸி கோப்பு கட்ட வேண்டும். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஒருவர் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஒன்றே இதற்குப் போதுமான சாட்சி. பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கு அதுவே ஆகஸ்ட் 1 முதல். பிறகு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) கட்டாயம், தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. ஒரே ஆண்டில் மூன்று முறை எக்ஸி மாற்றும் வேலை.

விதிகளை மட்டும் வெளியே எடுத்து ஓர் எழுத்துக் கோப்பில் வைத்து, அதைப் படித்து ஓட்ட ஒரு சின்ன இன்டர்பிரட்டரை மென்பொருளுக்குள் உட்கார வைத்தால் இந்தத் தொல்லை தீரும். அந்த இடத்துக்கு லுவா என்ற நிரல்மொழியின் 5.4 பதிப்பு பொருந்துமா என்பதுதான் இங்கே பேச்சு. விண்டோஸில் ஓடும், சி++ இல் எழுதிய, காசுக்கு விற்கும் மென்பொருள் என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

விலையும் உரிமமும்

லுவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த குழு எழுதியது. போர்த்துகீசில் 'லுவா' என்றால் நிலா. எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள், நிரலாளர்களுக்குக் காத்திராமல் தாங்களே விவரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் தொடக்க நோக்கம். நம் கிராணிமாருக்கும் (தோட்ட ஆபீஸ் எழுத்தர்களுக்கும்) அதே தேவைதான், எண்ணெய் மட்டும் வேறு.

2003இல் வந்த 5.0 முதல் எம்ஐடி உரிமம். விற்கலாம், மாற்றலாம், உங்கள் நிரலை யாருக்கும் திறந்து காட்ட வேண்டியதில்லை. கடமை ஒன்றே ஒன்று: பதிப்புரிமை வரியையும் அனுமதி வாசகத்தையும் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிறுவும் கோப்புறையில் ஒரு உரிமக் கோப்பு, 'இம்மென்பொருள் பற்றி' சாளரத்தில் ஒரு பத்தி, முடிந்தது. இந்த இருபது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலவசப் பொருளுக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கவனிக்க வேண்டியது வேறொன்று. லுவாவுக்கான நூலகக் களஞ்சியமான லுவா ராக்ஸிலிருந்து இறக்கும் துணை நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் உண்டு. லுவா எம்ஐடி என்பதால் அதன் மேல் ஏறி வருவதெல்லாம் எம்ஐடி ஆகிவிடாது. சம்பள விதிக்கு வெளி நூலகம் எதுவும் தேவைப்படாது. சேர்க்காமலே இருப்பது நல்லது.

கட்டுவது

மூலநிரல் சுருக்கிய வடிவில் ஏறக்குறைய 350 கேபி. மொத்தம் 30,000 வரி சி நிரல். வெளிச் சார்பு எதுவும் கிடையாது. மூலக் கோப்புறையில் உள்ள சி கோப்புகளை அப்படியே உங்கள் திட்டத்துக்குள் இழுத்துப் போட்டால் கட்டிவிடும், ஆனால் இரண்டைத் தவிர்க்க வேண்டும்: தனியாக ஓடும் இன்டர்பிரட்டருக்கான லுவா.சி, பைட்கோடு (முன்கூட்டியே மொழிமாற்றிய நிரல்) கம்பைலருக்கான லுவாசி.சி. இரண்டிலும் மெயின் (நிரல் தொடங்கும் செயல்கூறு) இருக்கிறது, சேர்த்தால் நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் கத்தும். டிஎல்எல் ஆக (தனி நூலகக் கோப்பாக) வைக்காமல் நேரடியாக உள்ளே இணைத்துவிடுவது மேல். 5.3க்கும் 5.4க்கும் இடையே பைனரி ஒத்துப்போகாது. ஆபீஸ் கணினியில் வேறு ஏதாவது மென்பொருள் கொண்டுவந்த பழைய டிஎல்எல் முந்திக்கொண்டால் காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும்.

அடுத்து ஒரு முடிவு. இதைச் சரியாக எடுக்காதவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் உணர்வார்கள். லுவாவை சியாகக் கட்டுவதா, சி++ ஆகக் கட்டுவதா? சியாகக் கட்டினால் பிழை எழும்போது லுவா லாங்ஜம்ப் மூலம் தாவி வெளியேறும். நடுவில் உங்கள் சி++ செயல்கூறில் ஒரு ஸ்டிரிங்கோ திறந்த கோப்போ இருந்தால் அதை மூடும் வேலை நடக்கும் என்று நம்ப முடியாது. நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கசியும். கோப்புகள் பூட்டியபடியே கிடக்கும். அதே மூலநிரலை சி++ கம்பைலரில் கொடுத்தால் லுவா தானாகவே சி++ இன் விதிவிலக்கு (த்ரோ, கேட்ச்) முறைக்கு மாறிக்கொள்ளும். அப்போது ஹெட்டர் கோப்பில் எக்ஸ்டர்ன்-சி சுற்றி வைத்திருக்கும் லுவா.ஹெச்பிபியை எடுக்கக் கூடாது, வெறும் லுவா.ஹெச் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் லிங்கர் ஒரு பெயரையும் கண்டுபிடிக்காது.

சி++ ஆகக் கட்டுவதே எங்கள் பரிந்துரை. அதிலும் ஒரு பொறி உண்டு. லுவாவின் கேட்ச் எல்லா விதிவிலக்குகளையும் விழுங்கும். உங்கள் தரவுத்தள நூலகம் எறிந்த விதிவிலக்கு லுவா வழியாகப் போனால் மறுமுனையில் வெறும் -1 என்ற நிலை எண்தான் வரும், செய்தி காணாமல் போய்விடும். ஆகவே லுவாவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு செயல்கூறுக்குள்ளும் உங்கள் விதிவிலக்குகளை நீங்களே பிடித்து, செய்தியை எடுத்து வைத்து, கேட்ச் அடைப்பை விட்டு வெளியே வந்த பிறகு லுவா பிழையாக எழுப்புங்கள்.

ஓட்டுவது

ஒழுங்கு இப்படி இருந்தால் போதும். ஒரு ஸ்டேட் (லுவா ஓடும் தனிச் சூழல்) திறக்க வேண்டும். விதிக் கோப்பை லோட்பஃபர்எக்ஸ் மூலம் ஏற்ற வேண்டும். பிழையைப் பிடித்துத் தரும் அழைப்பான பீகாலில் அழைக்க வேண்டும். பீகாலுக்குப் பிழைக் கையாளியாக ட்ரேஸ்பேக் எழுப்பும் செயல்கூறைக் கொடுத்தால் எந்த வரியில் விழுந்தது என்று தெரியும். கோப்புக்கு வைக்கும் சங்க்நேம் ரோமன் எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும். பிழைச் செய்தியில் அந்தப் பெயருக்கு 60 பைட்தான் இடம். தமிழில் வைத்தால் இருபது குறியீட்டுக்குள் பாதியில் அறுந்து குப்பைக் குறி தெரியும்.

சி++ பக்கமும் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் அடுக்கான ஸ்டாக்கில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சி பக்கத்துச் செயல்கூறு ஒன்றுக்கு லுவா உறுதி தருவது 20 காலி இடங்கள் மட்டும். ஒரு தொழிலாளியின் மாத வருகையை நாள் நாளாக ஸ்டாக்கில் தள்ளினால் 31 ஆகிறது. அதிகப்படியான இடத்தைச் செக்ஸ்டாக் மூலம் கேட்காமல் தள்ளினால் அந்த இடத்திலேயே விழாது, எங்கோ சம்பந்தமில்லாத வரியில் விழும். தள்ளுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளையும் உடனுக்குடன் அட்டவணையில் வைத்துவிடுங்கள். சோதனைக் கட்டுமானத்தில் ஏபிஐசெக் சுவிட்சைப் போட்டு வையுங்கள். இந்த மாதிரித் தப்பை அது நடந்த இடத்திலேயே பிடித்துத் தரும்.

அட்டவணையை நெக்ஸ்ட் கொண்டு சுற்றும்போது சாவியின் மேல் டோஸ்டிரிங் அழைக்கக் கூடாது. எண் சாவி அந்த இடத்திலேயே எழுத்துச் சாவியாக மாறிவிடும், அடுத்த நெக்ஸ்ட் வழி தெரியாமல் தடுமாறும். கையேட்டில் எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

பீகாலுக்கு வெளியே பிழை எழுந்தால் லுவா பானிக் ஆகி மென்பொருளையே மூடிவிடும். நினைவகம் தீர்ந்தால் ஒரு சின்ன எழுத்துத்தொடரைத் தள்ளுவதுகூடப் பிழை எழுப்பலாம். எனவே நூலகம் திறப்பது, அட்டவணை கட்டுவது முதலான தொடக்க வேலைகளையும் ஒரே சி செயல்கூறில் வைத்து அதையும் பீகாலுக்குள்ளேயே ஓட்டுங்கள். எடைமேடைக்கும் இதே மென்பொருள் என்றால் லோரி மேடையில் நிற்கும்போது சாளரம் மறைவதை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

வேலி

லுவாவைக் கட்டி ஓட வைக்க ஒரு காலைப்பொழுது போதும். வேலி போட, அதாவது விதிக் கோப்பு செய்யக்கூடியதைக் கட்டுப்படுத்த, இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எல்லா நூலகங்களையும் ஒரே வரியில் திறக்கும் ஓப்பன்லிப்ஸைக் காட்டித்தான் இணையத்தில் முக்கால்வாசி எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. விற்கும் மென்பொருளில் அந்த வரி இருக்கவே கூடாது. அதைப் போட்டால் விதிக் கோப்பிலிருந்து கோப்பை அழிக்கலாம், விண்டோஸ் கட்டளை ஓட்டலாம், ஓஎஸ்.எக்ஸிட் எழுதி மென்பொருளையே மூடலாம்.

அடிப்படை, டேபிள், ஸ்டிரிங், மேத் நான்கை மட்டும் ரெக்வயர்எஃப் மூலம் திறங்கள். பிறகு அடிப்படையிலிருந்து லோட், லோட்ஃபைல், டூஃபைல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஐஓ, ஓஎஸ், டீபக், பேக்கேஜ் நான்கும் வேண்டாம். பேக்கேஜ் ஒன்று தப்பி நின்றாலே வேலி இல்லாததற்குச் சமம். 2022இல் லுவாவை உள்ளே வைத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தளத்துக்கு நேர்ந்தது இதுதான். ரெடிஸின் மூலநிரலில் கோளாறு இல்லை. லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் உபுண்டுவும் தங்கள் தொகுப்பில் லுவாவை வேறு விதமாக இணைத்தபோது பேக்கேஜ் என்ற மாறி வெளியே தெரிந்தபடி நின்றுவிட்டது. அதன் வழியாக சி நூலகம் ஏற்றி சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது.

ஏற்றும்போது மோட் இடத்தில் 't' என்ற எழுத்தைக் கொடுக்க மறக்க வேண்டாம். கொடுக்காவிட்டால் பைட்கோடையும் லுவா ஏற்றுக்கொள்ளும். 5.2 முதல் பைட்கோடைச் சரிபார்க்கும் வேலையை லுவா செய்வதில்லை. வேண்டுமென்றே கெடுத்த பைட்கோடு நினைவகத்தைத் தாறுமாறாக எழுதும்.

முடிவில்லாத சுழலைத் தடுக்க, கட்டளைகளை எண்ணி இடைமறிக்கும் கவுன்ட் ஹுக் இருக்கிறது. 1,000 கட்டளைக்கு ஒருமுறை ஹுக்கை அழைக்கச் சொல்லி, ஒரு தொழிலாளியின் கணக்குக்குப் பத்து லட்சம் கட்டளை தாண்டினால் பிழை எழுப்பலாம். சாதாரணச் சம்பள விதி சில ஆயிரத்துக்குள் முடியும். ஓட்டை எங்கே என்றால், விதிக் கோப்பே பீகாலை வைத்து அந்தப் பிழையைப் பிடித்துவிட்டு மறுபடியும் சுற்றலாம். எல்லை தாண்டியதும் ஹுக்கின் இடைவெளியை 1 ஆகக் குறைத்துவிட்டால் பீகாலுக்கு வெளியே வந்த அடுத்த கட்டளையிலேயே மீண்டும் பிழை எழும், தப்ப முடியாது. அதைவிட எளிது, பீகாலையும் எக்ஸ்பீகாலையும் கொடுக்காமல் விடுவது. சம்பள விதி எழுதுகிறவருக்கு அவை எதற்கு?

ஹுக் லுவா கட்டளைகளை மட்டும்தான் எண்ணும். ஸ்டிரிங்.ரெப் ஒரே அழைப்பில் நூறு கோடி எழுத்து கேட்டால் ஹுக்குக்குத் தெரியாது. மோசமாக எழுதிய பேட்டர்ன் (எழுத்துத் தேடல் வடிவம்) ஒன்று சி பக்கத்திலேயே மணிக்கணக்கில் சுற்றினாலும் தெரியாது. முதலாவதைத் தடுக்க சொந்தமாக ஓர் அலோகேட்டர் (நினைவகம் ஒதுக்கும் செயல்கூறு) எழுதி 16 எம்பி என்று எல்லை வையுங்கள். புதிதாகத் திறந்த ஸ்டேட் 30 கேபிக்குள் அடங்கும், 16 எம்பி என்பது தாராளம். எழுதும்போது ஒரு நுணுக்கம்: பழைய முகவரி காலியாக இருக்கும் அழைப்பில் 'பழைய அளவு' என்ற இடத்தில் வருவது அளவு அல்ல, என்ன வகைப் பொருள் என்ற குறியீட்டு எண். அதையும் அளவு என்று எண்ணி மொத்தத்திலிருந்து கழித்தால் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். நாலு நாள் திறந்தே கிடக்கும் மென்பொருளில் எல்லை இருக்கிறதென்று பெயர்தான் இருக்கும். பேட்டர்னுக்கு வழி, ஃபைண்ட், மேட்ச், ஜிமேட்ச், ஜிசப் நான்கையும் எடுத்துவிடுவதுதான். கணக்குப் போட எழுத்துத் தேடல் வேண்டியதில்லை.

காசுக் கணக்கு

லுவாவைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு முதல் காரணம் 5.3இல் வந்த 64 பிட் முழுஎண். அதற்கு முன் எல்லா எண்ணும் தசம மிதவைதான். வெள்ளியைத் தசமத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 0.29ஐ 100 ஆல் பெருக்குங்கள். லுவா 5.4 திரையில் 29.0 என்று காட்டும். அதையே மேத்.ஃப்ளோர் செய்தால் 28 வரும். உள்ளே இருப்பது 28.999999999999996. அச்சிடும்போது 14 இலக்கத்துக்கு மட்டும் காட்டுவதால் கண்ணுக்கு 29 ஆகத் தெரிகிறது. கிராணி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் சரி, சம்பளச் சீட்டில் ஒரு சென் (வெள்ளியில் நூறில் ஒரு பங்கு) குறைவு. இந்த மாதிரிக் குறைவைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆகவே எல்லாத் தொகையும் சென்னில், எல்லா எடையும் கிலோவில், இரண்டும் முழுஎண்ணில். மென்பொருளிலிருந்து அனுப்பும்போது புஷ்இன்டிஜர்தான் பயன்படுத்த வேண்டும். புஷ்நம்பர் போட்டால் அங்கேயே மிதவை ஆகிவிடும், சீட்டில் '187.0' என்று வந்து நிற்கும். வகுத்தலுக்கு // மட்டும். ஒற்றைக் கோடு / போட்டால் 10ஐ 2 ஆல் வகுத்தாலும் 5.0 தான்.

டன்னுக்கு 45 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1,370 கிலோவுக்கு (1370 * 4500 + 500) // 1000 என்று எழுதினால் 6165 சென் வரும், அதாவது 61 வெள்ளி 65 சென். நடுவில் இருக்கும் 500 பாதிக்கு மேற்பட்டதை மேலே தள்ளுவதற்கு. ரொக்கமாகக் கொடுக்கும் இடத்தில் 5 சென்னுக்குச் சரிசெய்ய (தொகை + 2) // 5 * 5.

இபிஎப் இன்னும் சுவாரசியமானது. 60 வயதுக்குட்பட்ட குடிமக்களுக்கு 5,000 வெள்ளிவரை தொழிலாளி 11, முதலாளி 13 விழுக்காடு என்று எல்லாருக்கும் தெரியும். நேரடியாக விழுக்காடு போட்டால் தப்பு. இபிஎப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சம்பளம் 20 வெள்ளிப் படிகளாக இருக்கிறது. அந்தப் படியின் மேல் எல்லைக்குத்தான் விழுக்காடு, வருவதை அடுத்த முழு வெள்ளிக்கு ஏற்ற வேண்டும். ஒருவர் 1,685 வெள்ளி 30 சென் வாங்குகிறார் என்றால் சென்னில் 168530. (168530 + 1999) // 2000 * 2000 என்றால் 170000. தொழிலாளி பங்குக்கு (170000 * 11 + 9999) // 10000 என்று போட்டால் 187 வெள்ளி. முதலாளி பங்குக்கு 11க்குப் பதில் 13, 221 வெள்ளி வரும். இரண்டே வரி, ஒரு தசமப்புள்ளிகூட இல்லை. அட்டவணையைத் திறந்து ஒப்பிட்டால் அப்படியே பொருந்தும். மிகைநேரப் பணம் இபிஎப் சம்பளத்தில் சேராது என்பதால் அதைக் கழித்த பிறகே இந்த இரண்டு வரியும் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும் விதிக் கோப்பில் விடவும் கூடாது. ஒரு மாதத்தில் பிடித்தங்கள் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது வேலைச் சட்டம். தீபாவளி முன்பணம், கடைக் கடன் என்று சேர்ந்துவரும் நவம்பர் மாதத்தில்தான் இது இடிக்கும். அந்தச் சோதனையை சி++ பக்கத்தில், விதிக் கோப்பால் தொட முடியாத இடத்தில் வையுங்கள். குறைந்தபட்சச் சம்பளச் சோதனையும் அங்கேதான்.

கிராணி எழுதும்போது

விதிக் கோப்பைத் திருத்தப் போவது நிரலாளர் அல்ல. எக்ஸெல் தெரிந்த தோட்டக் கிராணி. லுவாவின் எழுத்துநடை அவருக்கு இரண்டு நாளில் பழகும். இஃப், தென், எண்ட் எல்லாம் வாசிக்க எளிது. எண்ணிக்கை 1இல் தொடங்குவதை நிரலாளர்கள் குறை சொல்வார்கள். மாதத்தின் முதல் நாள் 1 என்று எண்ணும் கிராணிக்கு அதுதான் இயல்பு.

அவர் விழும் குழி வேறு. வேலைக்கு வராத நாளில் எடையைக் காலியாக, அதாவது நில் ஆக விட்டால் அட்டவணையின் நீளம் சொல்லும் # குறி நம்பத்தகாததாகிவிடும். 31 நாளில் நடுவில் ஓட்டை இருந்தால் அது 31 என்றும் சொல்லலாம், ஓட்டைக்கு முந்திய நாள் எதுவோ அதையும் சொல்லலாம். சரி, வராத நாளுக்கு 0 போடலாம் என்று போனால் அடுத்த குழி: லுவாவில் 0 பொய் அல்ல. 'இஃப் எடை தென்' என்று எழுதினால் 0 கிலோ அறுத்தவரும் உள்ளே வந்துவிடுவார், வராத நாளுக்கும் வருகை ஊக்கத்தொகை கிடைக்கும். நில், ஃபால்ஸ் இரண்டு மட்டுமே பொய். இரண்டு குழியையும் மூட ஒரே வழி, மென்பொருள் எப்போதும் 0 நிரப்பி அனுப்ப வேண்டும், நாட்களின் எண்ணிக்கையைத் தனி மாறியாகக் கொடுக்க வேண்டும், மாதிரி விதிகளில் எல்லா இடத்திலும் 'எடை > 0' என்றே எழுதிக் காட்ட வேண்டும். கிராணி மாதிரியைப் பார்த்து எழுதுவார், கையேட்டைப் பார்த்து அல்ல.

எழுத்துப்பிழை அடுத்தது. லுவாவில் அறிவிக்காத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் பேசாமல் புது மாறி உண்டாகும். போனஸ் என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் போனஸ் கணக்கில் சேரவே சேராது, பிழைச் செய்தியும் வராது. எல்லாப் பெயர்களும் இருக்கும் குளோபல் அட்டவணைக்கு மெட்டாடேபிள் (அதன் நடத்தையை மாற்றும் துணை அட்டவணை) போட்டு, இன்டெக்ஸ், நியூஇன்டெக்ஸ் இரண்டிலும் தெரியாத பெயர் வந்தால் பிழை எழுப்பச் செய்யுங்கள். பத்து வரி வேலை, இதைப் போடாமல் விற்பது பாவம்.

தமிழ்

மாறிப் பெயர் தமிழில் வைக்க முடியாது. ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு இவ்வளவுதான். மேற்கோளுக்குள் தமிழ் தாராளமாக எழுதலாம், லுவாவுக்கு அது வெறும் பைட் வரிசை. 'முருகன்' என்பதற்கு # போட்டால் 21. குறியீடுகளை எண்ணும் யுடிஎஃப்8.லென் போட்டால் 7. கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. ஆகவே 20 இடத்துக்கு நிரப்பச் சொல்லி ஸ்டிரிங்.ஃபார்மேட் எழுதினால் முருகனுக்கு ஓர் இடைவெளிகூடக் கிடைக்காது, 'ராமு'வுக்கு எட்டு கிடைக்கும், சீட்டின் பத்திகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். சீட்டு வரையும் வேலையை லுவாவிடம் கொடுக்காமல் மென்பொருளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விதிக் கோப்பு தொகையையும் தலைப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும். அடையாளக் கார்டில் பெயர் ரோமனில்தான் இருக்கிறது என்பதால் தமிழ் பெரும்பாலும் தலைப்பிலும் குறிப்பிலும்தான் வரும்.

நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் சில சமயம் பிஓஎம் என்ற மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். லோட்ஃபைல் அதைத் தாண்டிப் படிக்கும், லோட்பஃபர் தாண்டாது. முதல் வரியிலேயே '<\239>' அருகே எதிர்பாராத குறி என்று பிழை வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏற்றும் முன் அந்த மூன்று பைட்டை நீங்களே வெட்டிவிடுங்கள்.

மற்றவை

லுவாவின் வேறொரு வடிவமான லுவாஜிட் வேகமானது, ஆனால் 5.1இன் இலக்கணத்திலேயே நிற்கிறது. முழுஎண் வகையும் // குறியும் இல்லை. 300 பேர் சம்பளத்துக்கு அந்த வேகமும் தேவையில்லை. பைத்தான் எல்லாருக்கும் தெரிந்த மொழி, உள்ளே வைத்தால் பத்து எம்பி கூடும், வேலி போடத்தான் வழியில்லை. ரெக்ஸெக் என்ற பழைய கட்டுப்பாட்டு வசதியை 2.3 பதிப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் இன்டர்பிரட்டரான குவிக்ஜேஎஸ் 2019இல் வந்தது, அதுவும் எம்ஐடி, சின்னது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆள் ஆபீஸில் இருந்தால் யோசிக்கலாம். அதில் சாதாரண எண் எல்லாம் மிதவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விதிகள் ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாத ஒரே ஒரு தோட்டத்துக்கு மென்பொருள் செய்கிறீர்களா? இவை எதுவுமே வேண்டாம், ஓர் அமைப்புக் கோப்பில் பத்து எண்களை வைத்தால் முடிந்தது.

மற்றபடி ஐந்தாறு தோட்டத்துக்கு மேல் விற்கிறவர்களுக்கு லுவா 5.4ஐத் தயங்காமல் சொல்லலாம். ஒரு பதிப்பைப் பிடித்தால் அதன் கடைசிப் புள்ளி எண்வரை ஏறிவிடுங்கள். தொடக்கப் பதிப்புகளின் பிழைகள் லுவா தளத்திலேயே பட்டியலாக இருக்கின்றன. புது விதிக் கோப்பு வந்ததும் பழைய ஸ்டேட்டை மூடிவிட வேண்டாம். புதியதைத் தனி ஸ்டேட்டில் ஏற்றி, போன மாதத் தரவில் ஓட்டி, யார் யாருக்கு எத்தனை சென் மாறுகிறது என்று திரையில் காட்டி, கிராணி ஒப்புக்கொண்ட பிறகு மாற்றுங்கள். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்குப் போக வேண்டும், அந்த ஏழு நாளில் விதியைச் சோதிக்க நேரம் இருக்காது.

விதிக்கு இன்றைய தேதியைக் கொடுக்க வேண்டாம், சம்பள மாதத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு மாதச் சம்பளத்தோடும் அன்று ஓடிய விதிக் கோப்பின் முழு நகலையும் தரவுத்தளத்தில் வையுங்கள், மிஞ்சிப் போனால் 10 கேபி. வங்கிக் கடனுக்காக ஒருவர் டிசம்பரில் வந்து மார்ச் மாதச் சீட்டு கேட்டால் மார்ச் விதிதான் ஓட வேண்டும்.